கிராம சபையில் வைத்த கோரிக்கையை வேலை முடியும் வரை கொண்டுபோவது எப்படி? முழுமையான வழிகாட்டி

திங்கட்கிழமை காலையில் ஈரோடு, திருப்பூர், கோவை என எந்த ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் மனுவோடு ஒரு கூட்டம் வரிசையில் நிற்கும். அவர்களில் பலருக்கு மனு எழுதிக் கொடுத்து, கூடவே போயும் வந்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. கோரிக்கையில் குறை இருப்பதில்லை, செய்கிற வரிசைதான் தப்பிப்போகிறது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். ஆட்சியரிடம் கொடுத்த மனு நாலு கை மாறி நம் ஊர் ஊராட்சிச் செயலரின் மேசைக்கே வருகிறது. "இது தொடர்பாகக் கிராம சபையில் தீர்மானம் எதுவும் இல்லை" என்று ஒரு வரி பதில் எழுதி அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியைக் கீழிருந்து மேலே போகிற வரிசையில் எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஊராட்சியில் மேட்டுத் தெருவுக்கு மட்டும் குடிநீர் 12 நாளுக்கு ஒருமுறை வருகிறது, பள்ளத்துத் தெருவுக்கு 4 நாளுக்கு ஒருமுறை வருகிறது. சாலை, சாக்கடை, தெருவிளக்கு, மயானப் பாதை எதுவானாலும் வழி இதேதான்.

1. எந்த உரிமையோடு பேசுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

குடியுரிமை, ஓட்டுரிமை, ஊரில் குடியிருப்பது ஆகிய மூன்றும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் சபையில் ஒருவர் "நீ யாரு கேக்கறதுக்கு?" என்றதும் வாயடைத்துப் போவோம்.

குடியுரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 5 முதல் 11 வரையான பிரிவுகளும், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் தீர்மானிக்கின்றன. ஆதார் அட்டை குடியுரிமைக்குச் சான்று ஆகாது. ஆதார் சட்டமே அப்படிச் சொல்கிறது. கிராம சபையின் உறுப்பினர் யார் என்றால், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும். சொத்து, வரி ரசீது, சாதி, குலம், எத்தனை தலைமுறையாக அந்த ஊர் என்பதெல்லாம் அதில் இல்லை. 1,000 பேர் பட்டியலில் இருந்தால் 1,000 பேரும் சமம்.

எனவே முதல் வேலை, பட்டியலில் உங்கள் பெயரையும் தெருக்காரர்கள் பெயரையும் பார்ப்பது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பார்க்கவில்லை என்றால் இன்றே பாருங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என வருடத்தில் நான்கு தகுதி நாட்கள் உண்டு. 18 வயதானதும் அடுத்து வரும் தகுதி நாளைக் கணக்கு வைத்து விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கல்யாணமாகி வந்த மருமகள்களின் பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கும். தண்ணீருக்குக் குடம் தூக்குகிற பெண்ணுக்கே சபையில் கையெழுத்துப் போட வழியில்லாமல் போகும். படிவம் 8-ஐ அந்த வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து இங்கேயே குடியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களும் இந்தியக் குடிமக்கள்தான். அரசு அலுவலகக் காகிதங்களின் நகலைக் கேட்டு வாங்கும் தகவல் உரிமை மனு போட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஓட்டு சொந்த ஊரில் இருக்கும் வரை இங்குள்ள கிராம சபையில் உறுப்பினர் ஆக முடியாது, அவ்வளவுதான். பவானிசாகர் முகாமில் உள்ள இலங்கைத் தமிழர்களில் குடியுரிமை கிடைக்காதவர்கள் நிலை வேறு. அவர்களுக்கு ஓட்டும் இல்லை, தகவல் உரிமைச் சட்டம் "குடிமக்கள்" என்று சொல்வதால் அந்த வழியும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை மனு கொடுக்க எந்தத் தடையும் கிடையாது. தண்ணீர்க் கோரிக்கையில் அவர்களையும் சேர்த்துக்கொண்டால், எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து என்பதைப் பிரித்து வையுங்கள்.

2. அந்த வேலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

அலைச்சலில் பாதி இங்கேதான் வருகிறது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையது, விளக்கு ஊராட்சியுடையது. சாலை என்றால் ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறைச் சாலையா என்று பார்க்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறைக்கு உரிய சாலைக்கு ஊராட்சியில் பணம் ஒதுக்கவே முடியாது.

நீர்நிலைகளுக்கும் இதுதான். அத்திக்கடவு-அவினாசித் திட்டத்தில் 1,045 நீர்நிலைகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் பொதுப்பணித் துறை ஏரிகள் 32, ஒன்றிய ஏரிகள் 42, மீதி 971-ம் குளம் குட்டைகள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வேண்டிய இடம் ஒன்று, குட்டையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் இன்னொன்று. இடம் யாருடையது என்று தெரிய, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டைப் பாருங்கள். சர்வே எண் இருந்தால் அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். ஓடை, குட்டை, வண்டிப்பாதை என்று வகைப்பாடு எழுதியிருக்கும்.

நம் உதாரணத்துக்கு வருவோம். கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரைத் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்கு விடுவது ஊராட்சி. தொட்டிக்கே தண்ணீர் குறைவாக வருகிறதா, வந்த தண்ணீர் மேட்டுக்கு ஏறவில்லையா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். தண்ணீர் விடுகிறவரிடம் மரியாதையாகக் கேட்டாலே சொல்லிவிடுவார். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். குறைந்த சம்பளத்தில் இரவு பகலாக வால்வு திருப்புகிறவர், எந்த வால்வு எதற்கு என்று அந்த ஊரில் அவருக்குத்தான் தெரியும்.

3. ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்

"எப்பப் பார்த்தாலும் தண்ணி வர்றதே இல்லீங்க" என்று சொன்னால் அதற்குப் பதிலாக "வருதே" என்ற ஒரு சொல் போதும். தேதி, நேரம், எத்தனை குடம் என்று 30 நாள் எழுதிய நோட்டுக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. இரண்டு தெருவுக்கும் எழுதுங்கள். ஒப்பீடு இருந்தால்தான் பற்றாக்குறை என்ற சாக்கு எடுபடாது, பங்கீட்டில் குறை என்பது தெரியும்.

நோட்டை ஒரே ஆள் எழுத வேண்டாம். மேட்டில் ஒருவர், பள்ளத்தில் ஒருவர். படம் எடுத்தால் தேதி விழும்படி எடுங்கள்.

கூடவே ஊராட்சியின் பணத்தையும் பாருங்கள். மத்திய அரசின் இ-கிராம் சுவராஜ் இணையத் தளத்தில் ஊராட்சி வாரியாகத் திட்டமும் செலவும் இருக்கும். மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பெரும் பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டியது. "நிதி இல்லை" என்ற பதில் வரும்போது இந்த விவரம் கையில் இருக்க வேண்டும்.

4. எந்தச் சபை நாள் என்று முடிவு செய்யுங்கள்

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்க்கப்பட்டு இப்போது ஆறு. நம் பக்கத்துக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் நான்கும் தொழிற்சாலைகளுக்குச் சட்டப்படி விடுமுறை நாட்கள். பனியன் கம்பெனி, விசைத்தறி, நூல் மில்லுக்குப் போகிறவர்கள் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் அப்படி இல்லை. ஆள் பலம் வேண்டிய கோரிக்கையை முதல் நான்கில் ஒன்றில் வையுங்கள்.

பணம் அதிகம் தேவைப்படும் வேலை, உதாரணத்துக்குப் புதுக் குழாய் பதிப்பது, அக்டோபர் 2-க்கு ஏற்றது. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அந்தப் பருவத்தில்தான் தயாராகிறது. அதில் பெயர் ஏறாத வேலைக்குப் பின்னால் நிதி கேட்பது கடினம்.

5. ஆள் சேருங்கள், முன்கூட்டியே மனு கொடுங்கள்

கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வேண்டும் என்று வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். உங்கள் தெருவிலிருந்து 40 பேர் போனால் சிறிய ஊராட்சியில் அதுவே பெரிய பங்கு.

போவதற்கு முன்னால் தெருவில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசுங்கள். யார் பேசுவது, யார் நோட்டைக் காட்டுவது என்று முடிவெடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் போன ஊர்களில் பத்துப் பேர் பத்து விஷயம் பேசி, ஒன்றும் தீர்மானம் ஆகாமல் டீ குடித்துவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரம் முன்பே ஊராட்சித் தலைவருக்கு மனு கொடுத்துப் பொருள்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தலைவர் இல்லாத காலத்தில், அவர் பொறுப்பைப் பார்க்க அரசு நியமிக்கும் தனி அலுவலருக்குக் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த பிறகு நம் மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் வந்தன. அந்த நிலையிலும் கிராம சபை நடக்கத்தான் வேண்டும். "தலைவர் இல்லை, அதனால் சபை இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

"எங்கள் ஊராட்சி 3-ஆவது வார்டு மேட்டுத் தெருவில் 62 வீடுகள் உள்ளன. கடந்த 30 நாட்களில் 3 முறை மட்டுமே குடிநீர் வந்தது. இதே காலத்தில் பள்ளத்துத் தெருவுக்கு 8 முறை வந்தது (பதிவேட்டு நகல் இணைப்பு). மேட்டுத் தெருவுக்குத் தனி வால்வு அமைத்து, 5 நாளுக்கு ஒருமுறை குடிநீர் வழங்க வரும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றக் கோருகிறோம்."

இருப்பது என்ன, வேண்டியது என்ன, எந்த முடிவு வேண்டும் என்ற மூன்று மட்டும் போதும். "ஆவன செய்யுமாறு" என்று முடித்தால் அவர்களும் ஆவன செய்கிறோம் என்று முடித்துவிடுவார்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை போட வேண்டாம், அன்றைக்கே ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பிவிடுங்கள்.

6. சபை அன்று

எல்லாம் தயாராக இருந்தும் கை நழுவிப் போவது இந்த ஒரு மணி நேரத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இடம் எது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு குக்கிராமத்திலும் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது என்பது அரசின் அறிவுறுத்தல். நம் பக்கத்தில் ஒரு ஊராட்சிக்குள் பத்துப் பன்னிரண்டு ஊர் சிதறிக் கிடக்கும். தோட்டத்துச் சாளைகளிலிருந்து வயதானவர்கள் நடந்து வர முடியாது. கோயில் திடலில் வைத்தால் எல்லோருக்கும் உள்ளே வந்து உட்காரும் சுதந்திரம் இருக்காது. இடம் தவறாக இருந்தால் அறிவிப்பு வந்த அன்றே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கூட்டத்தன்று சொன்னால் இடத்தை மாற்ற நேரம் இருக்காது.

உட்காரும் முறையையும் பாருங்கள். பல ஊர்களில் பெரிய தோட்டக்காரர்கள் முன்னால் நாற்காலியில் இருப்பார்கள், காலனிக்காரர்கள் ஓரமாக நிற்பார்கள், பெண்கள் அதற்கும் பின்னால். பிறகு "பெரியவங்க பேசட்டும்" என்பார்கள். சபையில் பெரியவர், சின்னவர் என்று யாரும் இல்லை. இதை நான் மனசார நம்புகிறேன். ஆனால் நம்பினால் மட்டும் போதாது, முன்கூட்டியே ஏற்பாடும் வேண்டும். அரை மணி நேரம் முன்பே போய் முன் வரிசையில் உட்காருங்கள். முதலில் தண்ணீர் தூக்குகிற பெண் ஒருவர் பேசட்டும். எழுதி வைத்த நாலு வரியைப் பார்த்து வாசித்தாலும் சரிதான். முதன்முறை எழுந்து நின்றவர் ஒருவர், "ஏனுங்க, நானும் இந்த ஊர் ஓட்டுங்க. எங்க தெருவுக்கு எப்பங்க தண்ணி?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் பின்னால் இருந்த ஆறு பெண்கள் பேசினார்கள்.

பெண் தலைவர் இருக்கும் ஊரில் அவர் கணவர் பதில் சொல்ல வந்தால், "தலைவரம்மா சொல்லட்டுங்க" என்று அமைதியாகச் சொல்லுங்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியது அவர்கள் கையெழுத்துப் போடுவதற்காக மட்டும் இல்லை.

வரவு செலவு வாசிக்கும்போது கவனமாகக் கேளுங்கள். குழாய்ப் பராமரிப்பு, மோட்டார் பழுது என்று எவ்வளவு காட்டியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது அதையே கேள்வியாக வைக்கலாம். குரலை உயர்த்த வேண்டாம். சத்தம் வந்தால் கூட்டத்தை முடித்துவிட அதுவே காரணமாகிவிடும்.

அப்புறம் கையெழுத்து. நான் பார்த்ததில் மிகப் பெரிய தவறு இதுதான். வந்தவுடன் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைக் கூட்டம் கலைந்த பிறகு எழுதுவார்கள். ஒரு ஊரில் இரண்டு மணி நேரம் பேசிய விஷயம் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லாமல் போனது, ஆனால் பேசியவர்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானப் பக்கத்தில், தீர்மானத்தை எழுதி, எண் போட்டு, சத்தமாக வாசித்த பிறகு போடுங்கள். வாசிக்கும்போது "பரிசீலிக்கப்படும்" என்று வந்தால் திருத்தச் சொல்லுங்கள். வேலை, இடம், காலம் மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. தீர்மானத்தோடு யூனியன் ஆபீஸுக்கு

பத்து நாள் பொறுத்துவிட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் உண்டு. ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிக்கு. பி.டி.ஓ. என்று மட்டும் எழுதினால் மனு தவறான மேசையில் கிடக்கும். உங்களுக்கு வேண்டியவர் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி). தீர்மான எண், தேதி குறிப்பிட்டு, வேலைக்கான செலவு மதிப்பீடு எப்போது தயாராகும் என்று கேட்டு மனு கொடுங்கள். ஒன்றியப் பொறியாளர் வந்து அளந்தால்தான் மதிப்பீடு. அவர் வரும் நாளைக் கேட்டு, உங்களில் ஒருவர் நோட்டோடு அங்கே நில்லுங்கள்.

8. இப்போது ஆட்சியரிடம்

ஒரு மாதம் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போகலாம். இப்போது உங்கள் மனுவோடு தீர்மான எண், ஒன்றியத்தில் கொடுத்த மனுவின் ஒப்புகை, 30 நாள் பதிவு எல்லாம் இருக்கிறது. கீழே திரும்பி வந்தாலும் ஒரு வரியில் முடிக்க முடியாது. மனு எண் இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். முதல்வரின் உதவி மையம் 1100-இலும் பதியலாம், அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால், ஓடை, பாசனம் தொடர்பானது என்றால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் பொருத்தமானது. நீர்வளத் துறை அதிகாரிகள் அங்கே நேரில் இருப்பார்கள். நிலப் பதிவேடு, பாதை ஆக்கிரமிப்பு என்றால் வருடத்துக்கு ஒருமுறை வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி.

மாநகராட்சி, நகராட்சிக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. அவர்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. நோட்டு, மனு, தீர்மானம் என்ற வரிசை அங்கும் அப்படியே பொருந்தும்.

9. தகவல் உரிமை மனு

இதை முதல் படியாகச் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேட்பதற்கு ஒரு காகிதம் உருவான பிறகு கேட்டால்தான் பயன் அதிகம்.

2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணம் 10 ரூபாய். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று நகல் இணைக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் அலுவலகம் (கிராம ஊராட்சி) என்று முகவரி எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

கேள்வி எழுதும் விதத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "ஏன் தண்ணீர் விடவில்லை?" என்பதற்குப் பதில் தர வேண்டியதில்லை. அது விளக்கம் கேட்பது. பதிவேட்டைக் கேளுங்கள்: "அக்டோபர் 2 கிராம சபையின் தீர்மானப் பதிவேட்டு நகல்", "தீர்மானத்தின் மீது தயாரித்த மதிப்பீட்டின் நகல்", "கடந்த நிதியாண்டில் குடிநீர்ப் பராமரிப்புச் செலவுச் சீட்டுகளின் நகல்". பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கு 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு வர வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். நியாயமான மேல்முறையீடுகள் பலவும் நாள் தவறியதால்தான் தோற்றன.

10. வேலை நடக்கும்போதும் நோட்டை மூடாதீர்கள்

குழாய் போட ஆள் வந்ததும் ஊரே நிம்மதியாகிவிடும். அந்த வாரம்தான் இன்னும் கவனம் வேண்டும். மதிப்பீட்டு நகல் கையில் இருந்தால் குழி எத்தனை ஆழம், குழாய் என்ன அளவு, வால்வு எங்கே என்று அதில் இருக்கும். மண் மூடும் முன் ஒரு டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. குறை இருந்தால் வேலை செய்கிறவரிடம் வாக்குவாதம் வேண்டாம், அன்றைக்கே ஒன்றியப் பொறியாளருக்கு எழுதுங்கள். பணம் பட்டுவாடா ஆகும் முன் எழுதியதற்குத்தான் பலம் அதிகம்.

அடுத்த கிராம சபையில் போன தீர்மானத்தின் மீது என்ன நடவடிக்கை என்று கேட்டுப் பதிவு செய்ய வையுங்கள். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறிய முதல் நாளின் தேதி, நேரம், எத்தனை குடம் என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். கோடையில் மறுபடி 12 நாளாக நீண்டால், புது மனுவோடு இணைக்க வேண்டிய முதல் நகல் அந்தப் பக்கம்தான்.